இருநூற்று எழுபத்திரண்டு எழுத்து

புது வழி திறந்த புதன்கிழமை காலை பத்தே காலுக்கு, சங்குமேட்டில் யார் பேசினாலும், பேச்சு ஒரே மூச்சில் இருநூற்று எழுபத்திரண்டு எழுத்தைத் தாண்டினால் எதிரில் நிற்பவர் காதில் ஒன்றுமே விழாது என்று ஆகிப்போனது. பாதி விழுந்து பாதி நிற்பது என்பதெல்லாம் கிடையாது, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மொத்தமும் காணாமல் போய்விடும், பேசியவர் வாயைத் திறக்கவே இல்லை என்பது போல எதிராளி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு முதல் மூன்று நாள் வித்தியாசமே தெரியவில்லை. இருபத்தொரு வருஷமாக என் வீட்டுக்காரரிடம் நான் பேசிய பேச்சு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. நீங்கள் போனில் எண்ணைப் போட்டதும், அங்கே மணி அடிப்பதற்கு முன்னால், இந்த ஊர் எக்ஸ்சேஞ்சும் அந்த ஊர் எக்ஸ்சேஞ்சும் தங்களுக்குள் சீட்டு அனுப்பிக்கொள்கின்றன: இன்னார் கூப்பிடுகிறார், மணி அடிக்கட்டுமா, எடுத்துவிட்டார், வைத்துவிட்டார். அந்தச் சீட்டுகள் போகிற தடம் முன்பு வண்டிப்பாதை மாதிரி இருந்ததாம். தென்முனை டெலிகாம் கம்பெனிக்காரர்கள் கடலோரமாகக் குழி தோண்டிக் கண்ணாடிக் கம்பி இழுத்து அதை முப்பது மடங்கு வேகமாக்கினார்கள். வேகம் கூடியதோடு சீட்டையும் பெரிதாக்கலாம், நாலாயிரம் எழுத்து வரை எழுதலாம் என்று, இங்கே இன்ஜினியராக இருக்கும் என் வீட்டுக்காரர் ஜெரோம், இந்தப் பக்கத்து மெஷினில் அளவை மாற்றி வைத்தார். அந்தப் பக்கம், ஜில்லா எக்ஸ்சேஞ்சில், அளவு பழைய இருநூற்று எழுபத்திரண்டிலேயே நின்றது. பெரிய சீட்டு வந்தால் அந்த மெஷின் திருப்பி அனுப்பாது, திட்டாது, கிழித்தும் போடாது. வரவே இல்லை என்று இருந்துவிடும்.

"அந்தப் பக்கம் ஒரு போன் போட்டு மாத்தச் சொன்னா என்ன?" என்று கேட்டேன். இது சின்னப் பேச்சு, போய்ச் சேர்ந்தது.

"திரவியத்துக்கிட்டயா? நானா?" என்றார்.

திரவியம் என்பவர் இவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து இவருக்கு முன்னால் பிரமோஷன் வாங்கியவர். இவர் கேட்க மாட்டார், அவர் கேட்காமல் செய்ய மாட்டார். இரண்டு ஆண்பிள்ளைகளின் ரோஷத்துக்கு நடுவில் ஒரு ஊர் முழுக்க வாயைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எண்ணிக்கையைக் கண்டுபிடித்தது எங்கள் குவார்ட்டர்ஸில் மேல் வீட்டில் இருக்கும் சண்பகவல்லி டீச்சர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, மூச்சு விடாமல் ஊர்ப் பேர்களைச் சொல்லவைத்து, எந்தப் பிள்ளையின் குரல் எந்த இடத்தில் மறைகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு நாளில் இருநூற்று எழுபத்திரண்டு என்று போர்டில் எழுதிவிட்டாள். காகிதமும் அப்படித்தான் என்பதையும் அவள்தான் பார்த்தாள். நீளமான லீவ் லெட்டர் ஹெட்மாஸ்டர் மேசைக்குப் போய்ச் சேரும்போது வெள்ளைத் தாளாக இருந்தது, அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வடை மடிக்க வைத்துக்கொண்டார்.

ஊர் பதறியது என்று நினைக்காதீர்கள். குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தபோது பதறாத ஊர், கரண்ட் எட்டு மணி நேரம் போனபோது பதறாத ஊர், இதற்கா பதறும்? இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் ஒரே மூச்சில் ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டுகிறவர்கள் தோற்றுப்போனார்கள், "போடீ" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கிறவர்கள் ஜெயித்தார்கள். யூனியன் செயலாளர் ஒன்றரை மணி நேரம் பேசுகிற மனிதர், கோஷம் மட்டும் போட்டுவிட்டு இறங்கினார், கைதட்டல் முன்பைவிட அதிகம். போஸ்ட்மாஸ்டர் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா தங்கள் குடும்பப் பெருமையை முக்கால் மணி நேரம் சொன்னார், கூடத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. பெண் "எனக்குப் பிடிக்கலை" என்றாள், அது வாசல் வரைக்கும் கேட்டது. பெங்களூரில் இருக்கும் என் மகள் ரோஸ்லினுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டாச்சு, வச்சிரட்டா" என்கிற அவள் பேச்சு எந்த மெஷினிலும் நுழையும்.

வழி ஒன்று இருந்தது, அதையும் ஊர் கண்டுபிடித்தது. பேசுகிறவர் மூச்சு விட நிறுத்தினால் மட்டும் போதாது, கேட்கிறவர் நடுவில் "ம்" கொட்டினால்தான் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கோவிலில் பங்குச்சாமி இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், நாலு வரிக்கு ஒரு தடவை நிறுத்துவார், சனங்கள் "ஆமென்" என்பார்கள், அவர் அடுத்த நாலு வரிக்குப் போவார். கதை கேட்கிற பிள்ளைகள் ம் கொட்டினார்கள், கல்யாணமான புதுசில் ஆண்பிள்ளைகள் ம் கொட்டினார்கள், கடன் கேட்க வந்தவன் கடன் கொடுப்பவனுக்கு ம் மேல் ம் கொட்டினான். ஒரு மாதத்தில் சங்குமேட்டில் யார் யாருக்கு ம் கொட்டுகிறார்கள், யார் யாருக்குக் கொட்டுவதில்லை என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. இத்தனை வருஷம் அது மறைவாக இருந்ததே பெரிய பாக்கியம் என்று எனக்குத் தோன்றியது. என் வீட்டில் அந்தச் சத்தம் கிடையாது. அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் எழுத்தை எண்ணிப் பேசக் கற்றுக்கொண்டேன்.

எனக்கு அது சிரமமில்லை. கான்வென்டில் சிஸ்டர் கிளெமென்ஷியா எங்களுக்குச் சுருக்கி எழுதுவது சொல்லிக்கொடுத்தவர். ஒரு பக்கத்தைக் கொடுத்து மூன்றில் ஒரு பங்காக்கு என்பார், ஒரு சொல் கூடினால் ஸ்கேலால் விரலில் ஒன்று விழும். இன்றைக்கும் யார் பேசினாலும் எதை வெட்டலாம் என்று என் விரல் கணக்குப் போடும். பொறுமை இல்லாதவள் என்று குவார்ட்டர்ஸில் எனக்குப் பேர். அந்தப் பேர் தெரிந்தும் சுயம்புக்கனி என்னிடம் வந்தாள்.

சுயம்புக்கனியின் புருஷன் லிங்கத்துரை, கம்பெனியின் கான்ட்ராக்ட் ஆள். அந்தப் புது வழிக்குக் கண்ணாடிக் கம்பி இழுக்க, மீன் மார்க்கெட் பக்கத்துக் குழிக்குள் இறங்கியவன். குழிக்குள் இருந்த விஷவாயு ஏறி அங்கேயே செத்தான், வழி திறப்பதற்கு நாலு மாதம் முன்னால். குழியைத் திறந்ததும் வாயு இருக்கிறதா என்று ஒரு மெஷினை இறக்கிப் பார்த்து, பார்த்ததாக இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் இறங்கவேண்டும். கையெழுத்து இருந்தது. ஆகவே கம்பெனி முதல் ரிப்போர்ட்டில் இப்படி எழுதியது: மது அருந்திய நிலையில், தடுத்தும் கேளாமல், தானாக இறங்கினார்.

லிங்கத்துரை குடிக்க மாட்டான். குடிக்காதவன் என்பதே அவனுக்கு ஊரில் அடையாளம், அம்மன் கோவில் கொடை விழாவில் மேளக்காரர்கள் குடிக்கப் போகாமல் காவலுக்கு அவனைத்தான் நிறுத்துவார்கள். அந்த ஒரு வரியை அடிக்க வேண்டும் என்பதுதான் சுயம்புக்கனிக்கு வேண்டியது. அந்த வரி நின்றால் அவளுக்கு நஷ்டஈடும் இல்லை, கம்பெனியில் துப்புரவு வேலைகூடக் கிடையாது, கேபிள் யார்டுக்குப் பின்னால் அவள் இருக்கும் தகரக் கொட்டகையையும் காலி செய்யவேண்டும். ஆனால் அவள் அதையெல்லாம் பேசவே இல்லை. "எம்பிள்ளை பெரிசாகி, ஒங்கப்பன் குடிச்சிட்டுக் குழிக்குள்ள விழுந்தவன்னு ஒருத்தன் சொல்லிறப்பிடாதுக்கா" என்பாள், அவ்வளவுதான்.

விசாரணைக்கு மகுடபதி என்கிற அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். பட்டையான கண்ணாடி, நல்ல மனிதர், சாட்சிக்கு நாற்காலி போடச் சொன்னவர். ஆனால் விசாரணை அதிகாரி தலையாட்டக் கூடாது, ம் கொட்டக் கூடாது, கொட்டினால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று அவர்களுக்கு ஒரு விதி. சுயம்புக்கனி உள்ளே போய் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பேசினாள். அழுதாள், கையால் காட்டினாள், குழியின் ஆழத்தைக் காட்டினாள், பிள்ளையின் உயரத்தைக் காட்டினாள். மகுடபதி சார் அவள் முகத்தையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டைப் அடிக்கிற பெண்ணிடம், "சாட்சி எதுவும் கூறவில்லை" என்று சொன்னார்.

வேறு ஊரில் வைத்து வாக்குமூலம் வாங்கக் கூடாதா என்று டீச்சர் போய்க் கேட்டாள். சம்பவம் நடந்த இடத்தில்தான் வாங்கவேண்டுமாம். சாட்சிக்கு ஒரு வாக்குமூலம்தான், ஆனால் வருகிற திங்கட்கிழமை வரை புதுச் சாட்சிகள் வரலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம் என்றாராம். திங்கட்கிழமையோடு ஃபைல் மூடப்படும்.

டீச்சருக்கு அப்போது யோசனை தோன்றியது. ஒரு வாய்க்கு இருநூற்று எழுபத்திரண்டு என்றால், ஒன்பது வாய்க்கு எவ்வளவு?

என் வீட்டுக்காரரிடம் அதை ஒரு பொதுக் கேள்வி மாதிரி கேட்டேன். மெஷின்கள்கூட அப்படிச் செய்வதுண்டு என்றார், பேப்பரை மடிக்காமல். "பெரிய சீட்டைத் துண்டாக்கி நம்பர் போட்டு அனுப்பும். அந்தப் பக்கம் சேர்த்துக்கும். ஆனா நடுவுல ஒரு துண்டு வரலைன்னா மொத்தத்தையும் கடாசிரும்." நம்பர் போட்டு அனுப்பவேண்டும், ஒன்றுகூடத் தவறக்கூடாது, அவ்வளவுதானே என்று எனக்குப் பட்டது. அவ்வளவுதான்.

என் சாப்பாட்டு மேசையில்தான் துண்டு போட்டோம். சுயம்புக்கனி சொல்லச் சொல்ல ஒன்பது பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாறி மாறி ம் கொட்டினோம். அவள் அன்றைக்குத்தான் முழுசாகப் பேசினாள் என்று நினைக்கிறேன். நான் நோட்டில் எழுதி எழுதி வெட்டினேன்.

"காலையில இட்லிக்குச் சட்னி வேண்டாம்னாவ. பொடி மட்டும் போதும்னாவ" என்றாள்.

"அது எதுக்குட்டி? வெட்டு."

"இருக்கட்டும்க்கா."

"இடம் பத்தாது. குடிக்கலைங்கிறதுக்குச் சாட்சி என்ன? அதைச் சொல்லு."

அவள் யோசித்தாள். "கிளம்பும்போது பிள்ளை கண்ணுல தூசி விழுந்துட்டு. எமையைத் தூக்கிப் பிடிச்சி ஊதிவிட்டாவ. பிள்ளை மூஞ்சிக்கு இம்புட்டுப் பக்கத்துல. சாராயம் குடிச்ச வாயின்னா பிள்ளை மூஞ்சியத் திருப்பாதா? அது சிரிச்சிக்கிட்டு நின்னுது."

மேசையைச் சுற்றி ஒருத்தியும் ம் கொட்டவில்லை. கொட்டமுடியவில்லை. அது மூன்றாவது துண்டானது, வெட்டாமல் அப்படியே போட்டேன்.

ஆறு துண்டு ஒழுங்காக வந்துவிட்டது. அவன் வீட்டை விட்டுக் கிளம்பியது, மேஸ்திரி அவனைக் கூப்பிட்டது, "உள்ள கேஸ் இருக்கான்னு பாத்தாச்சா" என்று அவன் கேட்டது, மேஸ்திரி கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டியது, அதை நம்பி இறங்கியது. எட்டும் ஒன்பதும் அவனை வெளியே எடுத்தது. நடுவில் ஏழாவது இடம் காலியாக நின்றது. வாயு பார்க்கவில்லை என்றால் தாளில் கையெழுத்து எப்படி வந்தது?

"அது மட்டும் தெரிஞ்சிட்டா போதும். அங்கதான் கேசே தொங்குது" என்றாள் டீச்சர்.

எனக்குத் தெரியும். வாயை அடக்கியிருக்கலாம், அடக்க எனக்கு வராது. "அந்தக் கையெழுத்து இந்த மேசையில போட்டது" என்றேன்.

மேசை மேல் கை வைத்திருந்தவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்.

அதுதான் வழக்கம். ஒவ்வொரு குழிக்கும் இன்ஜினியர் போய் நிற்க நேரம் ஏது? மாத ஆரம்பத்தில் மேஸ்திரி வெற்றுத் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான், இவர் காப்பியைக் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார், பக்கத்தில் நான் நின்று தாளைப் புரட்டிப் புரட்டிக் கொடுப்பேன், ஈரம் உறிஞ்ச ஒரு பழைய துண்டு வைத்திருப்பேன். தேதி, குழி எண் எல்லாம் மேஸ்திரி பிறகு நிரப்பிக்கொள்வான். ஊரில் உள்ள எல்லா இன்ஜினியர் வீட்டிலும் எல்லாப் பெண்டாட்டிகளும் புரட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒருத்தி வாயைத் திறந்தேன்.

ஏழாவது துண்டை எனக்குக் கொடுத்தார்கள். நானே எழுதினேன்:

'அந்த வாயுச் சோதனைத் தாளில் உள்ள கையெழுத்து என் கணவர் ஜெரோம் போட்டது. குழியைப் பார்க்காமலே, பதினெட்டு நாள் முன்னதாக, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அறுபது வெற்றுத் தாளுக்கு மொத்தமாகப் போட்டார். தாளைப் புரட்டிக் கொடுத்தவள் நான்.'

நூற்றுப் பதினொரு எழுத்து. சிஸ்டர் கிளெமென்ஷியா பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். சுயம்புக்கனி என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள், உதறவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, அவர் பேப்பரை எடுத்தபோது சொன்னேன். ஒளித்து வைத்துச் செய்கிற பழக்கம் எனக்கில்லை. "நாளைக்கு மகுடபதி சார்கிட்ட நான் சாட்சி சொல்லப் போறேன். தாள்ல நீங்க கையெழுத்துப் போட்டதைச் சொல்லப் போறேன்."

கத்துவார் என்று இருந்தேன். அதற்குப் பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன், எண்ணி. அவர் கத்தவில்லை. பேப்பரை நாலாக மடித்து வைத்தார். டி.வி.யை அணைத்தார். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு பிலோ" என்றார்.

சொன்னேன். சொல்லி, மூச்சு விட நிறுத்தினேன்.

"ம்" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. கல்யாணமான புதுசில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கலாம், ஞாபகம் இல்லை. மறுபடி பேசினேன், மறுபடி ம் என்றார். லிங்கத்துரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள் எங்கேயோ போய்விட்டேன். கான்வென்டில் எனக்குக் கிடைத்த வாத்தியார் வேலையை அவர் அம்மா வேண்டாம் என்றதைச் சொன்னேன், ம் என்றார். என் அப்பா செத்த அன்றைக்கு ஒரு மெஷினை ஓடவிட்டுவிட்டு வருகிறேன் என்று போய் அடக்கம் முடிந்த பிறகு வந்ததைச் சொன்னேன், ம் என்றார். ரோஸ்லினுக்கு முன்னால் தங்காமல் போன ஒன்றைப் பற்றி, அதற்கு நான் மனசுக்குள் ஒரு பேர் வைத்திருந்ததைப் பற்றி, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ம் என்றார். பிற்பகல் முழுக்க இருபத்தொரு வருஷம் அந்த மேசையில் கொட்டிக்கொண்டே இருந்தது, அவர் ஒரு துளியைக்கூடக் கீழே விடவில்லை.

வெயில் இறங்கியதும் எழுந்து, "காப்பி போடட்டா?" என்று கேட்டார். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடிப் பார்த்து, இரண்டு டம்ளர் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். நாளைக்குச் சொல்லாதே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது பேரும் எக்ஸ்சேஞ்ச் வராந்தாவில் வரிசையாக நின்றோம். ஒவ்வொருத்தியாக உள்ளே போய், தன் துண்டைச் சொல்லி, வெளியே வந்தார்கள். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்தது, டைப் அடிக்கிற சத்தம் வெளியே கேட்டது. மூன்றாவது துண்டு போனபோது அந்தச் சத்தம் நடுவில் நின்று, பிறகு மெதுவாகத் தொடர்ந்தது. சுயம்புக்கனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றாள். அவள் முகத்தில் களை திரும்ப ஆரம்பித்திருந்தது.

ஆறு முடிந்து நான் போனேன். மகுடபதி சார் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்து, பேர் சொல்லி, அவர் "சொல்லுங்க" என்றதும் ஏழாவது துண்டைச் சொன்னேன், ஒரு எழுத்து பிசகாமல். அங்கே நிறுத்தி வாயை மூடிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். மூச்சு விடாமல் தொடர்ந்தேன்.

'என் கணவர் கெட்டவர் இல்லை. எல்லா ஊரிலும் எல்லா இன்ஜினியரும் அப்படித்தான் போடுகிறார்கள். மேலிடத்தில் அவசரப்படுத்தினார்கள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம்தான். லிங்கத்துரை மேல் அவருக்குப் பிரியம் உண்டு. போன கிறிஸ்துமஸுக்கு அவனது பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தார்.'

நூற்று ஐம்பத்து மூன்று. முன்னதோடு சேர்த்தால் இருநூற்று அறுபத்து நாலு. எட்டு எழுத்து மிச்சம் இருந்தது. விரல் எண்ணிக்கொண்டேதான் இருந்தது, பழக்கம். அந்த நேரத்தில்கூட மூடியிருக்கலாம், எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும், அவர் நல்லவர் என்பதும் சேர்ந்திருக்கும், கையெழுத்தும் சேர்ந்திருக்கும்.

'பாவம், நல்ல மனுஷர்' என்றேன்.

பத்து.

மகுடபதி சார் என் முகத்தையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லுங்கம்மா, ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றார்.

"சொல்லியாச்சு" என்றேன்.

டைப் அடிக்கிற பெண் அவரைப் பார்த்தாள். அவர், "சாட்சி எதுவும் கூறவில்லை" என்றார். அவள் அதை அடித்த உடனே, மேசையில் அடுக்கி வைத்திருந்த ஆறு தாள்களும் மேலிருந்து கீழாக வெளுக்க ஆரம்பித்தன. கோலத்தை மழை அழிப்பது மாதிரி அவசரமில்லாமல், முதலில் அவன் கிளம்பியது போனது, பிறகு கூப்பிட்டது போனது, மூன்றாவது தாளில் பிள்ளையின் கண் இருந்த வரி கடைசியாகப் போனது. அந்தப் பெண் வெள்ளைத் தாள்களை எடுத்துத் தட்டி ஒழுங்காக்கி மறுபடி மெஷின் பக்கத்தில் வைத்தாள், காகிதம் வீணாகக் கூடாது என்று.

எட்டாவது துண்டுக்காரி டீச்சர், ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். என் உதடு அசைந்ததைப் பார்த்துக்கொண்டு விரலில் எண்ணியிருக்கிறாள். நான் வெளியே வந்ததும் வழிவிட்டு ஒதுங்கி, "கான்வென்ட்ல படிச்சவ. ஒனக்குமா எண்ணத் தெரியலை, பிலோமி?" என்றாள். அதற்குப் பிறகு உள்ளே போய்த் தன் துண்டைச் சொன்னாள். ஒன்பதாவது ஆளும் போய்ச் சொன்னாள். எதற்கு என்றே தெரியாத இரண்டு துண்டுகளை மகுடபதி சார் பதிந்துகொண்டு, சாயங்காலம் ரயில் ஏறிப் போனார். ஃபைல் மூடியது. மது அருந்திய நிலையில் என்கிற வரி நின்றது.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, சாம்பாரில் உப்பு போதுமா என்று கேட்டேன். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது நாள் கழித்து, சென்னையிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் இன்ஜினியர், இரண்டு பக்கத்து அளவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, திரவியத்தையும் கேட்காமல் இவரையும் கேட்காமல், அங்கேயும் நாலாயிரம் என்று மாற்றிவிட்டுப் போனாள். ஒரு நிமிஷ வேலையாம். இரண்டு பக்கமும் ஒத்துப்போனது, அன்றைக்கே ஊர் வாய் அளவில்லாமல் திறந்துகொண்டது. குழாயடியில் ஏழு தலைமுறையும் திரும்பி வந்தது, பங்குச்சாமி பிரசங்கம் ஆமென் இல்லாமல் முக்கால் மணி நேரம் ஓடியது, யூனியன் செயலாளர் ஒரு மாலையில் ஏழு மாதத்துக்கும் சேர்த்துப் பேசினார். எண்ணிப் பேசிய காலத்தை ஒரு வாரத்தில் எல்லோரும் மறந்துபோனார்கள். டீச்சர் போர்டை அழித்தாள்.

கொட்டகையைக் காலி செய்த அன்றைக்குச் சுயம்புக்கனி என் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் பாத்திர மூட்டை, ஒரு கையில் பிள்ளை. ஆத்தூர்ப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அவள் முகத்தில் கோபம் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. அன்னைக்கு உள்ள போயி என்ன சொன்னிய?"

சொன்னேன். இனி அளவு கிடையாது, மூச்சுக்குப் பயமில்லை, ஒன்றையும் வெட்டாமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நாற்காலியைத் திருப்பிப் போட்டதிலிருந்து, காப்பியிலிருந்து, எட்டு எழுத்து மிச்சம் இருந்ததிலிருந்து, தெரிந்துதான் சொன்னேன் என்பது வரைக்கும் சொன்னேன். எத்தனை நேரம் என்று தெரியாது, பிள்ளை இடுப்பிலிருந்து இறங்கி வாசல் மண்ணில் விளையாட ஆரம்பித்துவிட்டது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்ல மாட்டியளாக்கா?" என்றாள்.

மறுபடி சொன்னேன். இந்தத் தடவை சுருக்கி, அந்த நூற்றுப் பதினொரு எழுத்தை மட்டும், நோட்டில் எழுதியபடியே, தாளைப் புரட்டிக் கொடுத்தவள் நான் என்பது வரை. தெருவில் போன பால்காரர் திரும்பிப் பார்த்தார், அவருக்குக் கேட்டிருக்கிறது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் மட்டும் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள், நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கப்போகிறேன் என்பது போல.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் குனிந்து பிள்ளையைத் தூக்கி, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"கனி" என்றேன்.

இரண்டே எழுத்து. அதுவும் போய்ச் சேரவில்லை.